மெதுவா சாரின் வலது கால்

முப்பத்தைந்து கிராம். ஒரு எலுமிச்சம்பழம்கூட அதைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கும். அந்த முப்பத்தைந்து கிராமுக்காக எங்கள் வீட்டில் இரண்டு மாதம் மிக்சி ஓடவில்லை. கதவைச் சாத்தும்போது கையை இடுக்கில் வைத்துச் சாத்த வேண்டும். தும்மல் வந்தால் மாடிக்கு ஓட வேண்டும். இந்தச் சட்டங்களைப் போட்டவர் என் வீட்டுக்காரர். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக, வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். யார் எப்படி ஓட்டினாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தைதான். கிளட்ச்சைப் படக்கென்று விட்டு வண்டி குதித்தாலும் "மெதுவா." எதிரே லாரி வந்தாலும் "மெதுவா." மெதுவா சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. பொறுமைசாலியோடு குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும். வீடு பற்றி எரிகிறது, வெளியே வாங்க என்று கத்தினாலும் செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் வருவார். நான் அதற்கு நேர் எதிர். எண்ணெய் காய்வதற்குள் கடுகைப் போடுகிற ஜாதி.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துவது, காது வலிக்காதபடி கம்பியை வளைத்துக் கொடுப்பது, அரிசியில் கால்வாசி இருக்கும் திருகாணியை முடுக்குவது. ஐந்து மாதத்துக்கு முன்னால், கடைக்குப் போய்வர இரண்டு பஸ் மாறி மாறி அலுத்துப்போய், "எனக்கும் கார் ஓட்டச் சொல்லிக்குடுங்க" என்று கேட்டேன். சாயங்காலங்களில் ஸ்கூல் வண்டியிலேயே சொல்லிக்கொடுத்தார். பதினோராவது நாள் ஒரு இறக்கத்தில், முன்னால் போன ரொட்டி வேன் நின்றது. நான் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். ஸ்கூல் வண்டியில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவர் அந்த நேரம் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அரை விநாடி தாமதமாக மிதித்தார், வேனின் பின்கதவில் போய் இடித்தோம். ஸ்டியரிங் திருகிய வேகத்தில் என் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. இனி ஸ்டியரிங்கைத் தொட்டால் ஏன் என்று கேள் என்று சபதம் போட்டேன்.

என் கை சரியாகிவிட்டது. அவர் கால் கெட்டுப்போனது. வலியெல்லாம் இல்லை. மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். நூறடி தள்ளி ஒரு சைக்கிள் தெரிந்தால் ஒரு மிதி. காற்றில் காகிதம் பறந்தால் ஒரு மிதி. "சார், நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா?" என்று பிள்ளைகள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். லைசென்ஸ் டெஸ்டில் பக்கத்தில் உட்காரும் இன்ஸ்பெக்டர் எதையும் மிதிக்க மாட்டார் இல்லையா? தானாக பிரேக் போட்டே பழகாத பிள்ளைகள் வரிசையாக எட்டுப் பேர் ஃபெயில்.

ஸ்கூல் ஓனர் நல்ல மனுஷர். வீட்டுக்கே வந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நீங்களும் கேட்டுக்கோங்க. பாதிப் பேரு வேற வாத்தியார் வேணும்னு மாத்திக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம். அப்புறம் ஒரு சனிக்கிழமை நானே பின் சீட்டுல உட்காருவேன். தேவையில்லாம ஒரே ஒரு தடவை மிதிச்சாருன்னாலும் வண்டியிலேர்ந்து இறங்கி ஆபீஸ்ல லைசென்ஸ் பாரம் நிரப்பட்டும். சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

பாரம் நிரப்புவது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து சீட்டை எடுத்துவிட்டால் இந்த மனுஷனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

பட்டகாலிலே படும் என்பார்களே, அதே வாரம்தான் பறவை வந்தது. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு நர்ஸ் பொண்ணு வேலைக்காக வேறு ஊர் போகிறாள். கூண்டும் கையுமாக வந்து நின்றாள். பச்சையும் மஞ்சளுமாக ஒரு பட்ஜி, குருவி அளவில் ஒரு குட்டிக் கிளி. அந்த முப்பத்தைந்து கிராம் இதுதான். மூக்குக்கு மேலே நீலமாக இருந்தால் ஆணாம், இது ஆண்.

"ரொம்பப் பயந்த சுபாவம் சார். என் கைகிட்டயே வராது. உங்களை மாதிரிப் பொறுமையான ஆளு வேற யாரு இருக்கா?"

எட்டுப் பேர் ஃபெயிலான ஆளிடம் போய் ஒருத்தி இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? முகம் மலர்ந்து கூண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்: "இப்ப இது நமக்குத் தேவையா? முதல்ல உங்க வேலை நிலைக்கட்டும்."

"இல்லம்மா. இதுக்கு என்மேல நம்பிக்கை வந்து விரல்ல உட்கார்ந்துடுச்சுன்னா, எனக்கும் எல்லாம் சரியாயிடும்னு தோணுது."

தலையில் அடித்துக்கொண்டேன், மெதுவாகத்தான். முன் அறையில் பறவை இருந்ததே.

மறுநாள் பார்த்தால் ஒரு நோட்டுப் புத்தகம். ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் போடுவது மாதிரியே பாடத்திட்டம். முதல் வாரம்: கூண்டுக்கு ஆறடி தள்ளி நாற்காலி, பேசக் கூடாது, பேப்பர் படிக்கலாம். இரண்டாம் வாரம்: நாலடி. மூன்றாம் வாரம்: பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேச்சு. நான்காம் வாரம்: கூண்டுக்குள் கை, கையில் தினைக் கதிர். ஐந்தாம் வாரம்: விரல். தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை வகுப்பு. வகுப்பு என்றால் அவருக்கு ஷூ போட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள்ளே, ஒரு பட்ஜிக்கு முன்னால், பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு உட்காருவார். நானும் அறையில் இருக்கக் கூடாது. "ரெண்டு ஆளைப் பார்த்தா குழம்பிடும்" என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

அது பயந்த பயம் இருக்கிறதே, சாமானியப் பயம் இல்லை. பயந்தால் இறகையெல்லாம் உடம்போடு ஒட்டி, பென்சில் மாதிரி ஒல்லியாகி, கூண்டின் தூரத்து மூலையில் போய் நிற்கும். பேப்பர் பக்கம் திருப்பினால் பயம். என் மஞ்சள் துண்டைக் கண்டால் பயம், துண்டு பீரோவுக்குள் போனது. என் மூக்குக்கண்ணாடி மின்னுகிறதாம், நான் அதைக் கழற்றிவிட்டு முன் அறையைத் தடவித் தடவிக் கடக்க வேண்டும். கண்ணாடிக் கடைக்காரிக்கு வந்த கதியைப் பாருங்கள்! நாங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், சத்தம் போடாமல் நடக்க வேண்டும், அது தூங்கும்போது துணி போட்டு மூட வேண்டும். நான் அதற்கு துரை என்று பேர் வைத்தேன். வேறு எந்தப் பேர் பொருந்தும்?

"துரை இன்னிக்கு என்ன சொன்னாரு?" என்று வகுப்பு முடிந்ததும் கேட்பேன்.

"நல்ல முன்னேற்றம். இன்னிக்கு ஒரு தடவை ஒத்தைக் காலைத் தூக்கி வயித்துக்குள்ள இழுத்துக்கிச்சு."

"அதுல என்ன முன்னேற்றம்?"

"பயம் இருந்தா ரெண்டு காலையும் ஊனிக்கிட்டு நிக்கும். ஒத்தைக் காலைத் தூக்கினா நிம்மதியா இருக்குன்னு அர்த்தம்."

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போன் பண்ணினால் முதல் கேள்வி, "துரை எப்படி இருக்காரு?" பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பது மூன்றாவது கேள்வி.

நான்காம் வாரம் தினைக் கதிர் வேலை செய்தது. கதிரின் இந்த நுனி அவர் விரலில், அந்த நுனியை எட்டிப் பிடித்து அது கொறித்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஒரு மாதம் கழிந்து ஒரு மாதம் மிச்சம் இருந்தது. ஆனால் ஐந்தாம் வாரம், விரல் பாடம் வந்ததும், எல்லாம் தலைகீழாகப் போனது. வகுப்பு முடிந்து கதவு திறந்தால் தரையெல்லாம் இறகு. துரை மூலையில் பென்சிலாக நின்றார். இவர் முகம் கறுத்திருந்தது.

"என்னாச்சு?"

"காலைத் தூக்கி விரல்ல வைக்க வந்துச்சு. கடைசி நிமிஷத்துல எதையோ பார்த்துப் பயந்து பறந்து கம்பியில மோதிக்கிச்சு."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். தினைக் கதிருக்குக்கூட வர மாட்டேன் என்று அது அடம்பிடிக்க ஆரம்பித்தது. எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று இவர் வீடு முழுக்க ஆராய்ச்சி செய்தார். ஜன்னல் திரையை மாற்றினார். காலண்டரைக் கழற்றினார். சுவரில் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். "என் மூஞ்சி பயமா இருக்குன்னு நேராவே சொல்லிடுங்களேன்" என்று கத்திவிட்டேன். கத்தினதற்கும் துரை பறந்து மோதிக்கொண்டார். இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ஸ்கூலிலும் இதே லட்சணம்தான். அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் வாத்தியாரை மாற்றிக்கொண்டார்கள்.

உண்மையைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் வீடு மாடியில். கீழ் வீட்டில் ஒரு டீச்சர், வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறவர். ஒரு நாள் காலையில் படியேறி வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் சாயங்காலம் ஆறேகால் ஆச்சுன்னா மேல டொம்முன்னு ஒரு சத்தம். என் பசங்க அதுக்குன்னே காத்துக்கிட்டிருந்து கைதட்டறாங்க. என்னத்தை இடிக்கிறீங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் நான் பெரும்பாலும் பஸ்ஸில்தான் இருப்பேன். அன்று கடையிலிருந்து சீக்கிரம் வந்து, சாத்தியிருந்த கதவைச் சத்தமில்லாமல் ஒரு விரற்கடை திறந்து நின்றேன். கூண்டின் கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து விரலை உள்ளே நீட்டியிருந்தார். கை ஆடவே இல்லை, அவ்வளவு பொறுமை. துரை குச்சியில் பக்கவாட்டாக நகர்ந்து நகர்ந்து வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. அந்தக் கால் விரலைத் தொடப் போகிற நேரத்தில், டொம்! என் வீட்டுக்காரருடைய வலது ஷூ தரையை ஓங்கி மிதித்தது. பறவை அலறிப் புடைத்துக்கொண்டு பறந்தது. கீழ் வீட்டில் கைதட்டல் கேட்டது.

அவர் அப்பாவியாகச் சுற்றுமுற்றும் பார்த்தார், எதைப் பார்த்துப் பயந்திருக்கும் என்று.

"உங்களைப் பார்த்துதாங்க! உங்க காலைப் பார்த்து! அது பக்கத்துல வர்ற நேரம் பார்த்து பிரேக் போடறீங்களே, இங்க எங்க பிரேக் இருக்கு? இது காரா, கூண்டா?"

"நானா? நான் மிதிக்கவே இல்லையே."

"கீழ் வீட்டுப் பசங்க கைதட்டறாங்க, நீங்க மிதிக்கலைன்றீங்க!"

அவர் ஷூவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். இரண்டு நாள் பேச்சு இல்லை, வகுப்பும் இல்லை. கோபம் இல்லை அது, வெட்கம். தன் கால் தன்னைக் கேட்காமலே மிதிக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் சொன்னபோதெல்லாம் அவர்கள்தான் சரியாக ஓட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

மூன்றாம் நாள் நானே நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் போட்டேன். "எழுதுங்க. ஆறாவது வாரம், ஷூ கிடையாது. கட்டில்ல சம்மணம் போட்டு உட்காரணும்."

கூண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். சம்மணம் போட்ட காலால் எதை மிதிக்க முடியும்? போன நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்கவே ஒன்பது நாள் ஆனது. மறுபடி ஆறடியிலிருந்து ஆரம்பம். பத்தாம் நாள் துரை விரலில் ஒரு காலை வைத்தார், இன்னொரு காலையும் வைத்தார், ஐந்து விநாடி உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போனார். இவர் சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டார்.

எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கத்தான் வாய் வந்தது. "கார்ல சம்மணம் போட்டு உட்காருவீங்களா? ஓனர் பின்னாடி இருப்பாரு. நாற்காலியில, காலைக் கீழ வெச்சுக்கிட்டு, அப்ப வரணும் அது."

நாற்காலிக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அது காலைத் தூக்கினால் இவர் கால் மிதித்தது. வெறுங்கால் என்பதால் சத்தம் குறைவு, அவ்வளவுதான். இடது காலால் வலது காலை அழுத்திப் பார்த்தார், நடக்கவில்லை. சனிக்கிழமைக்கு எட்டு நாள்தான் இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, என் பாதத்தைத் தூக்கி அவர் வலது பாதத்தின்மேல் வைத்தேன். "இப்ப மிதிங்க பார்க்கலாம்."

விரல் உள்ளே போனது. துரை நகர்ந்து வந்தது. தலையைச் சாய்த்தது. அப்போது என் உள்ளங்காலுக்குக் கீழே அவர் பாதத்தில் ஒரு இழுப்பு. நரம்பு ஒன்று வெடுக்கென்று இறுகி, எலும்பெல்லாம் மேலே எழும்பி, என் காலையும் சேர்த்துத் தூக்கியது. ஒரு பறவையின் காலுக்கு ஒரு மனுஷனுடைய உடம்பு இப்படிப் பதறுமா என்று திகைத்துப்போனேன். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. முகம் வழக்கம்போலப் பொறுமையாக இருந்தது. பயம் முழுக்கக் காலில் இருந்தது.

எனக்கு அன்றுதான் உறைத்தது. இந்த ஐந்து மாதத்தில் எத்தனை சண்டையில் நான் அதைச் சொல்லியிருக்கிறேன்! பால் பொங்கி வழிந்தால் சொல்வேன், பஸ்ஸைத் தவறவிட்டால் சொல்வேன், கடையில் திருகாணி முடுக்கி மணிக்கட்டு வலித்தால் சொல்வேன்: "அரை செகண்ட் முன்னாடி மிதிச்சிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" ஆக்ஸிலேட்டரை மிதித்தவள் நான். அதை ஒரு நாள்கூட அவர் சொல்லிக்காட்டவில்லை. நான் சொன்னதையெல்லாம் வாயை மூடிக் கேட்டுக்கொண்டு, அரை விநாடி முன்னால், ஒரு விநாடி முன்னால் என்று மிதிக்கப் பழகியிருக்கிறார். இந்தக் காலைக் கெடுத்தது ரொட்டி வேன் இல்லை, என் வாய்தான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அப்படியே வளர்ந்துவிட்டேன். "கையை எடுக்காதீங்க, அப்படியே இருங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க பாருங்க. அன்னிக்கு மிதிச்சது நான். தப்பான பெடலை மிதிச்சது நான்தான். நீங்க இல்ல. சரியா?"

"அது பரவாயில்லம்மா..."

"பரவாயில்லைனு சொல்லாதீங்க! சரின்னு சொல்லுங்க!"

"சரி."

நான் கத்தியதில் துரை மூலைக்குப் போய்விட்டார். அன்று வகுப்பு அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஏழு நாள், தினமும் அரை மணி நேரம், கால்மேல் கால் வைத்து உட்கார்ந்தோம். இந்த வயசில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இப்படி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. இழுப்பு வந்துகொண்டேதான் இருந்தது. முதலில் பெரிசாக, பிறகு கொஞ்சம் சின்னதாக. வெள்ளிக்கிழமை, துரை காலைத் தூக்கியபோதும் இழுப்பு வந்தது. ஆனால் வந்த இழுப்பு அப்படியே நின்று, பாதம் தளர்ந்தது. துரை விரலில் ஏறி உட்கார்ந்தார். இறகை உப்பிக்கொண்டார். ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டார். அப்படியே பதினைந்து நிமிஷம் இருந்தார், இவர் கை மரத்துப்போகும்வரை. ஆசையாக இருக்கிறதே என்று நான் என் விரலை நீட்டினேன், நறுக்கென்று கடித்து வைத்தது. நன்றி கெட்ட ஜென்மம்!

சனிக்கிழமை காலை நானும் ஸ்கூலுக்குப் போனேன். "சும்மாதான் வரேன்" என்று சொல்லிக்கொண்டு போனேன். ஓனர் வெளியே நின்றுகொண்டிருந்தார். வண்டி கழுவித் தயாராக இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை. இவர் பேரில் மிச்சம் இருந்த ஒரே ஒரு பையன் காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பிவிட்டானாம். மற்ற வாத்தியார்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் இவரோடு ஏற வரவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஓனர் தலையைச் சொறிந்தார். இவர், என் வீட்டுக்காரர், என்ன சொன்னார் தெரியுமா? "பரவாயில்ல சார். ஆள் வரலைன்னா என்ன அர்த்தம்னு எனக்குப் புரியுது. நான் ஆபீஸ்லயே உட்கார்ந்துடறேன்." அதே பொறுமை முகத்தோடு சொன்னார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "என்ன உட்கார்ந்துடறது? நான் ஒருத்தி இருக்கேன்ல? அண்ணே, சாவியைக் குடுங்க."

"நீங்களா தங்கச்சி? அன்னிக்கு அப்புறம் நீங்க..."

"என் கத்துக்கற லைசென்ஸ் காலாவதியாக இன்னும் மூணு வாரம் இருக்கு. நானும் இவர்கிட்டப் படிச்ச ஆளுதான். ஏறுங்க பின்னாடி."

பேசுவதெல்லாம் பேசிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால், உள்ளங்கை வேர்த்து வழுக்குகிறது. மணிக்கட்டு வலிக்கவில்லை, வலிக்குமோ என்று பயந்துகொண்டிருந்தது. முதல் தடவை வண்டி குதித்து நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. பின்னால் ஓனர் கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொள்வது கண்ணாடியில் தெரிந்தது. மூன்றாவது தடவை நகர்ந்தது. பெரிய சாலைக்கு வந்தோம். இரண்டாம் கியர், மூன்றாம் கியர். ஒரு சைக்கிள் வந்தது, போனது. ஒரு பஸ் உரசுகிற மாதிரி வந்தது, போனது. பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் ரோடு போய்விடும். அவர் கால் என்ன பாடு படுகிறது என்று மட்டும் எனக்குத் தெரியும். என் உள்ளங்கால் அந்த இழுப்பை மறக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒரு குறுகலான தெரு, இறக்கம். பாதி தூரம் இறங்கியபோது பக்கத்துச் சந்திலிருந்து மெத்தைகளை அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டு வந்தது. தள்ளுகிறவர் மெத்தைக்குப் பின்னால் இருக்கிறார், அவருக்கு நாங்கள் தெரியவில்லை. என் கால் பெடலைத் தேடியது. இதுவா, அதுவா? எந்தப் பக்கம்? அந்த ஒரு கணத்தில் எனக்கு ரொட்டி வேனின் கதவு தெரிந்தது. மிதித்தேன். அதே நேரம் காதுக்குள் விழுந்தது அந்தச் சத்தம். டொம்!

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வண்டி நின்றிருந்தது. மெத்தைக்கும் எங்களுக்கும் நாலடி இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் வந்து இப்படியா? குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

இரண்டு ஷூவும் தரை விரிப்பில் பரப்பி வைத்தபடி இருந்தன. பிரேக் ஒரு சாண் தள்ளி, தொடப்படாமல் இருந்தது. வலது ஷூவின் நுனி மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"நான் இல்ல" என்றார் அவர், ஏதோ குற்றத்தை மறுப்பவர் மாதிரி.

பின்னால் திரும்பினேன். ஓனர் முன் சீட்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். அவருடைய வலது கால் விறைத்து நீண்டு, என் சீட்டுக்கு அடியில் தரையை முட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அங்க பிரேக் கிடையாது" என்றேன்.

ஓனர் காலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெல்ல இழுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமையிலேர்ந்து காலை பேட்ச் நீங்களே எடுத்துக்கோங்க" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

மெத்தை வண்டி கடந்து போனது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"நான் தொடவே இல்லம்மா. நீயேதான் நிறுத்தின."

"நான் நிறுத்தினது எனக்குத் தெரியாதா? கண்ணைத் துடைச்சுக்கிட்டு ரோட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கும் ரோடு சரியாகத் தெரியாமல், முதல் கியரைப் போட்டேன்.